உளுந்தின் வேரும் உறைமோரும்

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய விரும்பிய ஒரு துணி வியாபாரி, அதன் காரணத்தைக் காணாமல், மனித குலம் அதுவரை கண்டிராத ஓர் உலகத்தையே கண்டுவிட்ட கதை விஞ்ஞான சரித்திரத்தில் உண்டு. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத்தில் வாழ்ந்த அந்தோனி வான் லேவன்ஹூக் என்னும் அவர், தம் கையாலேயே தேய்த்து உருவாக்கிய சிறு கண்ணாடி வில்லைகளைக் கொண்டு, அகப்பட்ட பொருளையெல்லாம் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கமுடையவர். மிளகில் கண்ணுக்குப் புலப்படாத முட்கள் இருந்து அவையே நாவைக் குத்துகின்றனவோ என்ற ஐயத்தினால், 1676-ஆம் ஆண்டில் அவர் சில மிளகுகளைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, அந்நீரின் ஒரு துளியை வில்லையின் கீழ் வைத்து நோக்கினார். முட்கள் எவையும் இல்லை. எண்ணிறந்த நுண்ணிய ஜீவன்கள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தன. அவ்வாண்டு அக்டோபர் 9-ஆம் தேதி லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் இதை விவரித்து எழுதிய கடிதத்தில் காணப்படும் ஜீவன்களுள் மிகச் சிறியவை பாக்டீரியாக்களே என்று பிற்காலத்து அறிஞர்கள் துணிந்தனர். மிளகின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலை. குற்றாலத்து மலை அதன் ஓர் அங்கம். ஆகவே பாக்டீரியாவைப் பற்றிய அறிவின் முதல் அத்தியாயத்தில் நம் மலைச்சரக்குக்கும் ஒரு பங்கு உண்டு என்று தென்காசிச் சீமையார் பெருமை கொள்வதில் தவறில்லை.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் வரை வேடிக்கைப் பொருளாக மட்டுமே கருதப்பட்ட இந்த ஜீவன்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் அபகீர்த்தி வந்து சேர்ந்தது. பிரான்சில் பாஸ்டரும் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கும் செய்த ஆராய்ச்சிகள் பற்பல வியாதிகளுக்கு இவையே காரணம் என்று நிரூபித்தன. காலராவுக்குக் காரணமான கிருமியை 1884-இல் கோக் தேடிப் பிடித்துத் தனிப்படுத்தியதும் நம் நாட்டுக் கல்கத்தாவில்தான். அன்று தொட்டு, பாக்டீரியா என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் சோப்பையும் பினாயிலையும் தேடுவது சுகாதாரத்தின் லக்ஷணமாகிவிட்டது. காலராவும் க்ஷயமும் டைபாய்டும் கொண்டுபோன உயிர்களை எண்ணினால் அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் உலகில் உள்ள பாக்டீரியா இனங்களில் மனிதனுக்கு நோய் செய்பவை மிகச் சொற்பம். மற்றவை தம் பாட்டுக்குத் தம் காரியத்தைச் செய்கின்றன. அக்காரியங்களில் பல நம் ஜீவனத்துக்கே ஆதாரமாக இருக்கின்றன. அதனினும் விசேஷம், ஒரே பாக்டீரியா ஓரிடத்தில் உபகாரியாகவும் மற்றோரிடத்தில் உபத்திரவமாகவும் இருப்பதுண்டு. நல்லது எது கெட்டது எது என்பதை அதன் இனம் மட்டும் தீர்மானிப்பதில்லை; அது இருக்கும் இடமும் அதன் அளவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இதை விளக்குவதற்கு ஆராய்ச்சிக் கூடங்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை; காய்கறிச் சந்தைக்குப் பேர்போன சுரண்டையைச் சுற்றியுள்ள வயல்களும் வீடுகளுமே போதும்.

ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாயின் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று, குற்றாலத்துக்கு அருவியையும் கிழக்கே உள்ள ஊர்களுக்குச் சாரலையும் கொண்டுவருகிறது. கோடை முழுதும் காய்ந்து கிடந்த செவற்காட்டில் அந்தச் சாரலின் முதல் துளிகள் விழும்போது எழும் மண்வாசனையை நுகர்ந்து மகிழாதவர் அரியர். இந்த வாசனையை ஆராய்ந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான பேர், தாமஸ் என்னும் இருவர் 1964-இல் வெளியிட்ட கட்டுரையில், உத்தரப்பிரதேசத்து அத்தர் வியாபாரிகள் காய்ந்த மண்ணிலிருந்து இதே வாசனையைச் சந்தன எண்ணெயில் இறக்கி விற்று வந்ததைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அவ்வாசனையின் முக்கிய அம்சமான ஜியோஸ்மின் என்னும் பொருளை உண்டாக்குபவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியாக்கள். இந்தப் பொருளால் அவற்றுக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு 2020-இல் ஒரு விடை கிடைத்தது. மண்ணில் துள்ளித் திரியும் ஒருவகைச் சிற்றுயிர் அவ்வாசனையால் கவரப்பட்டு வந்து இந்தப் பாக்டீரியாவைத் தின்கிறது. தின்றதற்குக் கைம்மாறாக அதன் வித்துக்களைத் தன் உடலில் ஒட்டிக்கொண்டு போய் வேறு இடங்களில் பரப்புகிறது. நம் மனத்தைக் கிளர்ச்சியுறச் செய்யும் மண்வாசனை, உண்மையில் நமக்காக ஏற்பட்டதன்று.

இதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் குலத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்துதான் 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில், வாக்ஸ்மன் என்னும் பேராசிரியரின் ஆராய்ச்சிக் கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் மாணவர் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பிரித்தெடுத்தார். க்ஷயரோகக் கிருமியை எதிர்த்து நிற்கக் கிடைத்த முதல் நல்ல ஆயுதம் அது. ஒரு பாக்டீரியாவினால் வந்த வியாதிக்கு மற்றொரு பாக்டீரியாவே மருந்தானது. ஆனால் வயலில் வாசனையாகவும் ஆஸ்பத்திரியில் ஔஷதத்தின் உறவாகவும் விளங்கும் அந்த ஜியோஸ்மின், குடிநீர்த் தேக்கத்தில் சிறிதளவு கலந்துவிட்டாலும் தண்ணீரில் மண் நெடி அடிக்கிறது என்று ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள். இடம் மாறியதே தவிரப் பொருள் மாறவில்லை.

புரட்டாசியில் உளுந்தை விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரிப் பயிர் செய்யும் சம்சாரிகள், பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மெல்லத் தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பார்த்தால், அதில் சிறு சிறு முடிச்சுகளைக் காணலாம். ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே ரத்தச் சாயல் தெரியும். அந்த முடிச்சுகளில் குடியிருப்பவை ரைசோபியம் வகுப்பைச் சேர்ந்த பாக்டீரியாக்கள். வேர் மண்ணில் கசியவிடும் ஒரு ரசாயனப் பொருளை இவை உணர்ந்து, தம் பங்குக்கு வேறொரு பொருளை வெளியிட, வேரின் நுண்ணிய மயிரிழை வளைந்து இவற்றை உள்ளே ஏற்றுக்கொள்கிறது. செடி சர்க்கரைப் பொருளைக் கொடுக்கிறது. பாக்டீரியா காற்றில் உள்ள நைட்ரஜனைப் பயிர் உண்ணும் உருவத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது. இந்தக் காரியத்தைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் பகை என்பதால், நம் ரத்தத்தில் உள்ளதைப் போன்றே இரும்புச் சத்துடைய ஒரு சிவப்புப் பொருள் அங்கே உற்பத்தியாகி ஆக்சிஜனை அளவோடு வைத்திருக்கிறது. முடிச்சின் ரத்தச் சாயலுக்கு அதுவே காரணம்.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும் பயிர்கள் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது; அதன் அணுக்கள் ஒன்றையொன்று அத்தனை இறுகப் பற்றியிருக்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தி யூரியாவுக்கு வேண்டிய அமோனியாவைத் தயாரிப்பதற்கு, தூத்துக்குடியில் உள்ள ஸ்பிக் போன்ற உரத் தொழிற்சாலைகளில் 400 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணமும் வாயு மண்டலத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவைப்படுகின்றன. உளுந்தின் வேரிலோ அதே காரியம் மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே, புகையும் ஓசையும் இன்றி நடைபெறுகிறது. 1888-இல் ஹாலந்து விஞ்ஞானி பெய்ஜரிங்க் இந்தப் பாக்டீரியாவைத் தனிப்படுத்தி வளர்த்துக் காட்டினார். அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே, பயறு விதைத்த நிலத்தில் அடுத்த வெள்ளாமை செழிக்கும் என்பதையும், கொழிஞ்சியை மடக்கி உழுதால் மண் தேறும் என்பதையும் நம்மவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

இப்போது விவசாய இலாகா ரைசோபியத்தைப் பொட்டலத்தில் அடைத்தே கொடுக்கிறது. ஆறிய வடிகஞ்சியில் அதைக் கலந்து, விதையின் மேல் படும்படி புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும் என்பது முறை. வெயிலில் உலர்த்தினால் உயிர் போய்விடும். பூஞ்சை நோய்க்கான ரசாயன மருந்தை விதையில் ஏற்றினால், ஒரு நாளாவது இடைவெளி விட்ட பின்னரே இதை ஏற்ற வேண்டும். யூரியா மூட்டையை அலட்சியமாகப் போட்டு வைத்தாலும் அது யூரியாவாகவே இருக்கும். பொட்டலத்தில் இருப்பதோ உயிர். இந்த வித்தியாசத்தை உணராதவர்கள், உயிர் உரம் பலன் தரவில்லை என்று குறை கூறுவதைக் காண்கிறோம்.

வயலில் விளைந்த உளுந்து அடுக்களைக்கு வரும்போது வேறொரு பாக்டீரியாவையும் தன் தோலோடு கொண்டுவருகிறது. அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே ஊறவைத்து அரைத்து, உப்பிட்டுக் கரைத்து வைத்த மாவு மறுநாள் காலையில் பொங்கி நிற்பதற்கு, ரொட்டிக்காரர்கள் சேர்ப்பதைப் போன்ற ஈஸ்ட்தான் காரணம் என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் நினைத்ததுண்டு. 1965-இல் முகர்ஜி, ஸ்டீன்கிராஸ் முதலியோர் அமெரிக்காவில் செய்து வெளியிட்ட ஆராய்ச்சி, இட்லி மாவைப் பொங்கச் செய்வதில் முதன்மை ஸ்தானம் வகிப்பது லூகோனாஸ்டாக் மெசென்டெராய்டிஸ் என்னும் பாக்டீரியா என்று காட்டியது. யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து போடாமலே உளுந்தோடு வந்து சேரும் இது, மாவில் கரியமில வாயுவை உண்டாக்கி அதை உப்பச் செய்கிறது. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிப் புளிப்பேற்றுகிறது. அப்புளிப்பினால் கேடு செய்யும் கிருமிகள் தலையெடுக்காதபடி தடுக்கவும் செய்கிறது. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவை வெளியேற விடாமல் பிடித்துக்கொள்வதால்தான் இட்லி மல்லிகைப்பூவாக வேகிறது. பச்சரிசி மாவை மட்டும் கரைத்து வைத்து இட்லி வார்க்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இத்தனை உபகாரியான லூகோனாஸ்டாக், கரும்பு ஆலைக்குள் நுழைந்துவிட்டால் ஆலைக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். வெட்டிய கரும்பு நாட்கணக்கில் அரவைக்குக் காத்துக் கிடந்தால், இது அதன் சாற்றில் உள்ள சர்க்கரையை டெக்ஸ்ட்ரன் என்னும் கொழகொழப்பான பொருளாக மாற்றிவிடும். சாறு தடித்து வடிகட்டிகள் அடைத்துக்கொள்ளும். சர்க்கரை படிவது கெடும். ஆனால் அந்தக் கொழகொழப்பையே சுத்தி செய்து, ரத்தம் அதிகம் இழந்தவர்களின் ரத்தக் குழாயில் செலுத்தி ரத்த ஓட்டத்தின் அளவைத் தாங்கிப் பிடிக்கலாம் என்று 1940-களில் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டார்கள்; டெக்ஸ்ட்ரன் திரவம் உலகெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குச் சென்றது. மாவுப் பானையில் உணவுக்குத் துணை, ஆலையில் நஷ்டம், ஆஸ்பத்திரியில் சகாயம் என்று ஒரே பாக்டீரியா மூன்று வேஷம் கட்டுவதைப் பார்க்கும்போது, நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று இரண்டு ஜாதிகளாக மட்டும் பிரித்துவிடுவது எவ்வளவு மேலெழுந்தவாரியான அபிப்பிராயம் என்பது விளங்கும்.

வேண்டிய இடத்தில் புளிக்க வைத்த நம் பெரியவர்கள், வேண்டாத இடத்தில் புளிப்பைத் தடுக்கவும் அறிந்திருந்தார்கள். பனையேறிகள் பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். பனஞ்சாற்றில் இயற்கையாகவே வந்து சேரும் ஈஸ்டும் பாக்டீரியாக்களும் சர்க்கரையைச் சாராயமாக்கும் வேகத்தைச் சுண்ணாம்பின் காரத்தன்மை அடக்கிவிடுகிறது. கருப்பட்டிக்குத் தேவையான இனிப்பு தப்பிப் பிழைப்பது அந்த ஒரு விரற்கடைச் சுண்ணாம்பினால்தான்.

தயிரின் கதை இன்னும் ஆச்சரியமானது. பாலைத் தயிராக்கும் லாக்டோபாசில்லஸ் பல்கேரிக்கஸ் என்னும் பாக்டீரியாவை 1905-இல் பல்கேரிய மாணவர் ஸ்டாமென் கிரிகோரவ் தம் நாட்டுத் தயிரிலிருந்து கண்டறிந்தார். புலியைத் தேசிய விலங்காகவும் மயிலைத் தேசியப் பறவையாகவும் கொண்ட நம் நாடு, 2012-இல் ஹைதராபாத்தில் கூடிய உயிர்ப்பன்மை மகாநாட்டின்போது இந்தப் பாக்டீரியாவைத் தேசிய நுண்ணுயிராக அறிவித்தது. அறிவித்தவர் அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெயந்தி நடராஜன். தேர்ந்தெடுத்தவர்கள், விஞ்ஞான ரயில் கண்காட்சியைக் காணவந்த பள்ளிக் குழந்தைகள்.

பெரிய பால் தொழிற்சாலைகளில் இதனோடு கூட்டாளியாக வேலை செய்யும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்னும் பாக்டீரியாவை அவ்வப்போது ஒரு வைரஸ் பீடிக்கும். பீடித்தால் பால் உறையாது. சில வகைகள் மட்டும் அதற்குத் தப்பிப் பிழைப்பதன் ரகசியத்தை டானிஸ்கோ என்னும் கம்பெனியைச் சேர்ந்த பாராங்கூ, ஹார்வாத் முதலியோர் 2007-இல் வெளிப்படுத்தினார்கள். ஒருமுறை வந்து போன திருடனின் துண்டை எடுத்து வைத்திருந்து, மறுமுறை அவன் வந்தால் அந்த அடையாளத்தைக் கொண்டே பிடித்துவிடும் ஊர்க்காவல்காரனைப் போல, இந்தப் பாக்டீரியா தன்னைத் தாக்கிய வைரஸின் மரபிழையில் ஒரு சிறு துணுக்கைத் தன் மரபிழைக்குள் செருகி வைத்துக்கொள்கிறது. அதே வைரஸ் மீண்டும் வந்தால் துணுக்கோடு ஒத்துப்பார்த்து, அதன் மரபிழையை உரிய இடத்தில் வெட்டிப்போடுகிறது. கிரிஸ்பர் என்று பெயர் பெற்ற இந்தத் தற்காப்பை, எந்த உயிரின் மரபிழையையும் நினைத்த இடத்தில் வெட்டித் திருத்தும் கருவியாக்கலாம் என்று 2012-இல் ஷார்ப்பான்டியே, டௌட்னா என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் காட்டினர். 2020-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அம்முறையில் சம்பா மசூரியைத் திருத்தி உருவாக்கிய கமலா என்னும் நெல்லையும், மற்றொரு ரகத்தையும் 2025 மே மாதத்தில் இந்திய அரசாங்கம் அறிமுகம் செய்தது.

நவீன வைத்தியத்தின் மற்றைய கருவிகளையும் சோதித்துப் பார்த்தால் அவற்றின் பின்னாலும் பாக்டீரியாக்களே நிற்கின்றன. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சியை விட்டுச் செய்த பரிசோதனையின் ஆதாரமான பி.சி.ஆர். முறைக்கு, கொதிநிலையை நெருங்கிய உஷ்ணத்திலும் கெடாத ஒரு நொதி தேவைப்பட்டது. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் 1966-இல் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவரும் கண்ட தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியா அதை வழங்கியது. நீரிழிவுக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் முன்பு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது; 1982 முதல், மனித மரபிழையைத் தாங்கிய ஈ.கோலி பாக்டீரியாக்கள் உற்பத்தி செய்யும் இன்சுலின் கடைக்கு வந்தது. குடலில் அமைதியாக வாழ்ந்தும், அதன் சில வகைகள் குடிநீரில் கலந்தால் வயிற்றுப்போக்கை உண்டாக்கியும் பெயர் கெட்ட அதே ஈ.கோலிதான் இத்தனை பேர் உயிரைத் தாங்குகிறது.

சுரண்டைக்கு அண்மையில் உள்ள கடையநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் 2012-இல் டெங்குக் காய்ச்சல் பரவிப் பல உயிர்களைக் கொண்டுபோனதை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க முடியாது. டெங்குவை உண்டாக்குவது வைரஸ். அதைச் சுமந்து வருவது ஏடிஸ் கொசு. இங்கும் ஒரு பாக்டீரியா துணைக்கு வர இருக்கிறது. பூச்சியினங்களில் ஏறக்குறைய பாதியின் உடலணுக்களுக்குள் இயற்கையாகவே வாழும் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் இயல்பாக இருப்பதில்லை. அதனுள் புகுத்திவிட்டால் டெங்கு வைரஸ் அக்கொசுவில் எளிதில் பெருக முடிவதில்லை. தாய்க்கொசுவின் முட்டை வழியே அது சந்ததிக்கும் செல்கிறது. வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு கூடினால் முட்டை பொரிப்பதில்லை. ஆதலால் தலைமுறை செல்லச் செல்ல வோல்பாக்கியா உடைய கொசுக்களே ஊரில் மிகுகின்றன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த பெரிய சோதனையில் டெங்கு நோய் நூற்றுக்கு 77 பங்கு குறைந்ததாக 2021-இல் முடிவு வெளியாயிற்று. கொசு முதலியவை பரப்பும் நோய்களுக்காகப் புதுச்சேரியில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் சர்வகலாசாலையிலிருந்து முட்டைகளை வரவழைத்து, நம் ஊர்க் கொசுக்களோடு கலந்து, வோல்பாக்கியா தாங்கிய கொசுவினத்தை உருவாக்கிவிட்டதாக 2022-இல் அறிவித்தது. கொசுவை ஒழிக்கக் கொசுவையே வளர்ப்பதா என்று நகைப்பவர்கள், இங்கே ஒழிக்க முற்படுவது கொசுவை அன்று, கொசுவுக்குள் இருக்கும் வைரஸை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மூத்த உபகாரம் ஒன்று உண்டு. குளத்துப் படித்துறையிலும் நெல் வயலின் தேங்கிய நீரிலும் நீலப்பச்சையாகப் படர்ந்திருக்கும் பாசியைச் செடி வர்க்கத்தில் சேர்த்தே முன்பு எண்ணினார்கள்; ஆனால் அதுவும் பாக்டீரியாவே. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் வாயு மண்டலத்தில் ஆக்சிஜன் மிகத் தொடங்கியது இதன் மூதாதைகளால்தான். சென்னைச் சர்வகலாசாலையில் பணியாற்றிய டி.வி. தேசிகாச்சாரி இந்தப் பாசிகளைப் பற்றி 1959-இல் வெளியிட்ட பெருநூல், இன்றும் உலக விஞ்ஞானிகள் எடுத்துப் புரட்டும் பிரமாண நூலாக இருக்கிறது.

இத்தனை உபகாரங்களைச் சொன்னபின், பாக்டீரியாவைக் கண்டு அஞ்சவே வேண்டாம் என்று முடிப்பது அறிவீனமாகும். மருந்துக்குத் தப்பிப் பிழைக்கும் கலையை அவை நம்மைக் காட்டிலும் விரைவாகக் கற்கின்றன. அவற்றின் தலைமுறை சில சமயம் இருபது நிமிஷம். சளிக்கும் சாதாரண ஜுரத்துக்கும் வைத்தியரைக் கேளாமல் கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்குவதும், பாதி குணமானதும் மீதியை நிறுத்துவதும் அந்தக் கல்விக்கு நாமே பள்ளிக்கூடம் நடத்துவதாகும். வைத்தியர்கள் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கோழி முதலியவற்றின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலந்து வந்த வழக்கத்தை 2019-இல் இந்திய அரசாங்கம் தடை செய்ததும் இந்த அச்சத்தினால்தான். பருத்தியில் காய்ப்புழுவைத் தடுக்க, பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவின் மரபணுவை ஏற்றிய பி.டி. பருத்தி 2002-இல் நம் நாட்டுக்கு வந்து முதலில் நல்ல பலன் தந்தாலும், பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகிக்கொண்டது அளவறியாது ஒன்றையே நம்பியதன் பலனாகும்.

ஆகவே ஓர் ஊர் குடிநீர்த் தொட்டியில் தவறாமல் குளோரின் இடுவதும், அதே ஊர் உளுந்து விதையில் ரைசோபியம் ஏற்றி விதைப்பதும் ஒன்றுக்கொன்று முரணான காரியங்கள் அல்ல. இரண்டும் ஒரே அறிவின் இரண்டு பிரயோகங்கள். எந்த நுண்ணுயிரை எங்கே வரவேற்பது, எங்கே வாசலிலேயே நிறுத்துவது என்பதை உறைமோரிலும் சுண்ணாம்புக் கலயத்திலும் நம் முன்னோர் கண்டறிந்தார்கள். அதற்கான காரணங்களை நம் தலைமுறை கற்றிருக்கிறது. காரணம் தெரிந்தபின்னும் மாத்திரையை மனம்போன போக்கில் விழுங்குகிறவர்களுக்கும், உயிர் உரத்தை வெயிலில் காயவைக்கிறவர்களுக்கும், காரணம் தெரியாமலே கலயத்தில் சுண்ணாம்பு தடவிய பனையேறி சொல்லித்தர வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.